தெருவை விட்டுக் கோப்புக்குப் போகலாமா?

வாசகர் கடிதம்: "எனக்கு 28 வயது. சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, மதுரையில் ஐந்து ஆண்டுகளாக நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் ஒப்பந்தச் சமுதாய அமைப்பாளராக இருக்கிறேன். வைகைக் கரையோரம் நான்கு வார்டுகள் என் பொறுப்பு. சுய உதவிக் குழுப் பெண்கள் என்னை வீட்டுப் பிள்ளையாக நடத்துகிறார்கள். இப்போது ஒரு தொண்டு நிறுவனம், தன் இளைஞர் திறன் பயிற்சித் திட்டத்துக்கு நகர மேலாளராக வரச் சொல்கிறது. ஆறு பேர் எனக்குக் கீழே. வரவு செலவு, அறிக்கை, அரசுத் துறைகளோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் என் தலையில். சம்பளம் கூடும். ஆனால் மேசைக்குப் போனால் தெரு கையை விட்டுப் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. அப்பாவோ, 'இதெல்லாம் ஒரு வேலையா, குரூப் 2 எழுது' என்கிறார். இந்தத் துறையில் நிர்வாகியாக ஒரு வாழ்நாளை ஓட்ட முடியுமா, அம்மா?" (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை)

அன்புள்ள மகளுக்கு,

வயதில் என் இளைய மகளைவிட நீங்கள் சிறியவர். ஆனாலும் ஒரே தொழில்காரர்கள் என்பதால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். 1992-ல் சமுதாய அமைப்பாளராகச் சேர்ந்து, திட்ட அலுவலர் நாற்காலி வரை வந்து, 2022-ல் ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள்.

மேசைக்குப் போனால் தெரு போய்விடும் என்கிற பயம் எனக்கும் இருந்தது. அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது யார் என்று கேளுங்கள். 1997 டிசம்பரில் சுவர்ண ஜெயந்தி நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு நகராட்சியில் அதன் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தொழில் தொடங்க ஒரு பிரிவு உண்டு. குறைந்தது பத்துப் பெண்கள் சேர வேண்டும். திட்டச் செலவில் பாதி அல்லது 1.25 லட்சம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மானியம். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு தையல் குழுவைத் தயார் செய்தேன். வங்கி சம்மதித்துவிட்டது. இயந்திரங்கள் வரப்போகின்றன என்ற நம்பிக்கையில் அவர்கள் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள்.

மானியத்தின் இரண்டாம் தவணை வரவில்லை. முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது வந்த பணம் எதற்குச் செலவானது என்று உறுதி சொல்லும் காகிதம், போகாததுதான் காரணம். அனுப்ப வேண்டியவள் நான். காலை ஏழு மணிக்குத் தெருவில் இறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவேன். வவுச்சர்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில், இரும்பு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன. நிதியாண்டு முடியும் மார்ச் 31 போய்விட்டது. குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் அலுவலகத்துக்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"அந்தக் காகிதம் எத்தனை பக்கம், அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு பக்கம்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இயந்திரம் வராத அந்த அறைக்கு அவர்கள் ஐந்து மாதம் வாடகை கட்டினார்கள். 'எப்போதும் களத்திலேயே இருப்பவள்' என்ற நல்ல பெயர் எனக்கு, வாடகை அவர்களுக்கு.

நம் துறையில், அதிலும் சமூகப் பணிக் கல்லூரிகளிலிருந்து வருகிற பிள்ளைகளிடம், ஓர் எண்ணம் ஊறிக்கிடக்கிறது. களம் புனிதம், கோப்பு தீட்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஏழைக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் தேதி தவறுவதாலும், கையொப்பம் விடுபடுவதாலும், எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தெரியாமல் திரும்பி ஒப்படைக்கப்படுவதாலும் போனதை நான் பார்த்த அளவுக்குத் திருட்டில் போனதைப் பார்த்ததில்லை. திருடனைப் பிடிக்கத் தணிக்கை இருக்கிறது. சோம்பேறிக் கோப்பைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

பெயர்களைப் பற்றிய கவலையை இப்போதே விட்டுவிடுங்கள். என் காலத்தில் நேரு ரோஜ்கார் யோஜனா இருந்தது, நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படைச் சேவைகள் திட்டம் இருந்தது, 1995-ல் பிரதமர் பெயரில் இன்னொன்று வந்தது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் 1997-ல் சுவர்ண ஜெயந்தி ஆக்கினார்கள். 2013-ல் அதுவும் போய்த் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தது. 2024-ல் அதன் காலமும் முடிந்தது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கே 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் அது இன்னமும் 'ஹவுசிங் போர்டு'தான். இத்தனை மாற்றத்திலும் வேலை குறையாமல் இருந்தவர் எங்கள் அலுவலகப் பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்தவர் ஒருவர்தான். எந்தப் பெயரில் வந்தாலும் திட்டம் மூன்று கேள்விகளைத்தான் கேட்கும். யாருக்கு, எவ்வளவு, கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன. இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் மாற்றம் ஒரு வாரத்துத் தலைவலி மட்டுமே.

அந்த 'யாருக்கு' என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சுவர்ண ஜெயந்தியில் சுயதொழில் கடனுக்கு ஒரு விதி இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்குக் கடன் கிடையாது. படித்த இளைஞர்களுக்குப் பிரதமரின் ரோஜ்கார் யோஜனா என்று வேறொரு திட்டம் அப்போது தனியாக இருந்தது, ஒருவரே இரண்டிலும் வந்துவிடக் கூடாது என்பது காரணம். தில்லியிலிருந்து பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். தெருவில் என்ன நடந்தது தெரியுமா? கஷ்டப்பட்டு மகளைப் பத்தாவது முடிக்க வைத்த ஒரு தாய், மதிப்பெண் பட்டியலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, "எட்டாவதோடு நின்றுவிட்டாள்" என்று என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்ததில் விஷயம் வெளியே வந்தது. படிக்க வைத்ததற்கு ஒரு தாயை வெட்கப்பட வைத்த விதி அது. என்னால் அதை மாற்ற முடியாது. ஆனால் நிராகரித்த மனுக்களைக் காரணவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆய்வுக் கூட்டத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு வைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்காத பக்கம். பல ஊர்களிலிருந்து இப்படிப் பல பக்கங்கள் போயிருக்க வேண்டும். பிறகு திட்டத்தைத் திருத்தியபோது அந்த வரம்பு போனது. 'கொடுத்தது எத்தனை' என்று எல்லோரும் எழுதுவார்கள். 'கொடுக்காமல் விட்டது யாரை, ஏன்' என்பதை நிர்வாகி எழுத வேண்டும். புதிய வேலையில் முதல் மாதமே அந்தப் பக்கத்தைத் தொடங்கிவிடுங்கள்.

கேரளத்து ஆலப்புழைக் கதையைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்த நகராட்சியில் ஏழையை அடையாளம் காண வருமானச் சான்றிதழைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்பது கேள்விகளைக் கையில் எடுத்தார்கள். உறுதியில்லாத வீடா, கழிப்பறை இல்லையா, நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லையா, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் உண்டா, சம்பாதிப்பவர் ஒருவர் மட்டுமா அல்லது அவரும் இல்லையா, நாளுக்கு இரண்டு வேளைச் சோற்றுக்குத் தட்டுப்பாடா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா, குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் இருக்கிறாரா, பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பமா. நான்குக்கு 'ஆம்' என்றால் அது ஏழைக் குடும்பம். பார்த்தாலே தெரிகிற விஷயங்கள், அக்கம் பக்கத்துப் பெண்களே சொல்லிவிடலாம். 1998 மே மாதம் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரளப் பெண்கள் குழு இயக்கம் இந்த வேரிலிருந்து கிளம்பியதுதான்.

அதை ஒரு காலனியில் நானும் செய்து பார்த்தேன். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, முப்பது வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். தாசில்தார் அலுவலகத்தில் மூன்று மாதம் இழுக்கிற வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: கடைசி வரிசை மூலை வீட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மனநலம் சரியில்லை, இரவில் கத்துவாள், யாருக்கும் பிடிக்காது. ஒன்பதில் ஏழு அந்த வீட்டில் இருந்தது. அதிகாரி போட்ட பட்டியலில் அதிகாரிக்குத் தெரியாதவர்கள் விடுபடுகிறார்கள். ஊரே கூடிப் போட்டால் ஊருக்குப் பிடிக்காதவர்கள் விடுபடுகிறார்கள். நான் அந்தத் தெருவில் நடந்தவள் என்பதால் மூலை வீடு எனக்குத் தெரியும். பட்டியலில் கையொப்பமிடுபவளும் நானாக இருந்ததால் அதைச் சேர்க்க முடிந்தது. தெருவா மேசையா என்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த மூலை வீடுதான்.

இனி இளைஞர் திட்டம். இது சுய உதவிக் குழுவைப் போல இல்லை, எச்சரிக்கிறேன். குழுப் பெண் வாரா வாரம் வருவார், பத்தாண்டுகள் உங்களோடு இருப்பார். பத்தொன்பது வயதுப் பையன் மூன்று வாரத்தில் காணாமல் போவான், அலைபேசி எண்ணையும் மாற்றிவிடுவான். 'அக்கறை இல்லாத பசங்கள்' என்று உங்கள் ஊழியர்கள் சொல்லுவார்கள். உடனே நம்பிவிடாதீர்கள்.

காய்கறிச் சந்தை ஒன்றின் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் பயிற்சி நடத்தினோம். முப்பது பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் வாரம் பதினொரு பேர். வகுப்பு காலை பத்து மணிக்கு. ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணிக்குச் சந்தைக்குப் போய் நின்றேன். நம் பையன்கள் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்குத்தான் வேலை முடியும், கூலி வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் படுத்தால் எழுந்திருக்கப் பகல் ஒரு மணியாகும். வகுப்பைப் பிற்பகல் இரண்டுக்கு மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே! வருகைப் பதிவு இயந்திரத்தில் காலை நேரம்தான் பதிந்திருந்தது. அதை மாற்ற மாவட்டத்துக்கு எழுதி, மாவட்டம் மாநிலத்துக்கு எழுதி, ஐந்து வாரம் ஆயிற்று. மாறிய பிறகு இருபத்து நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய விரல் ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த கைகள், ரேகை தேய்ந்துவிட்டது. உழைத்து உழைத்து ரேகை போனவனை 'வரவில்லை' என்று எழுதுகிறது இயந்திரம். அவர்களுக்குப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கி, வாரம் ஒருமுறை புகைப்படத்தோடு சான்றளித்து அனுப்பினேன். அதற்கும் ஒரு தணிக்கை ஆட்சேபணை வந்தது. பதில் எழுதினேன். இந்தக் கதையில் தெருவுக்குப் போனது ஒரே ஒரு விடியற்காலை, மற்ற ஐந்து வாரமும் கடிதம்தான். ஆனால் அந்த ஒரு விடியற்காலை இல்லாமல் எந்தக் கடிதம் எழுதுவதென்றே எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது, வேலைவாய்ப்புக் கணக்கு. பயிற்சி முடித்தவர்களை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினோம். 'பணியில் சேர்ந்தோர்' கட்டம் நிரம்பியது, எல்லோரும் கைதட்டினார்கள். இருபது நாளில் பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். ஒவ்வொருவனாக உட்கார வைத்துக் கேட்டபோது திமிர் எதுவும் தெரியவில்லை. முதல் சம்பளம் கைக்கு வர நாற்பது நாள் ஆகும். அதுவரை அறை வாடகைப் பங்கு, சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாம் கைக்காசு. வீட்டிலிருந்து அனுப்ப வழியில்லை. சுய உதவிக் குழுக்கள் சேர்ந்த பகுதி அளவிலான கூட்டமைப்பின் பெண்களிடம் பேசி, போகிறவனுக்கு ஆளுக்கு 2,500 ரூபாய் கடன், முதல் சம்பளத்தில் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அதற்குப் பிறகு போன அணியில் தங்கியவர்களே அதிகம். கடனும் பெரும்பாலும் திரும்பி வந்தது. இரண்டு பேர் தரவில்லை. அவர்களின் அம்மாக்கள் கட்டினார்கள், அதில் எனக்கு இன்னும் வருத்தம்.

ஆகவே, உங்களை அழைக்கும் நிறுவனத்திடம் முதலில் இதைக் கேளுங்கள்: பணியில் சேர்ந்தவர்களை எண்ணுகிறீர்களா, ஆறாம் மாதமும் பணியில் இருப்பவர்களை எண்ணுகிறீர்களா? இரண்டாவது கட்டமே அவர்கள் படிவத்தில் இல்லையென்றால், அதைச் சேர்க்க உங்களுக்கு அதிகாரம் தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் கல்லூரிக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு நல்ல கதவு. உங்கள் நான்கு வார்டுகளில் எட்டாவதோடு நின்றவன் அந்த வாசல் வரைக்கும் வருவதற்கே ஒரு படிக்கட்டு வேண்டும். அந்தப் படிக்கட்டைக் கட்டத்தான் உங்களைப் போன்ற மேலாளர் தேவை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: மையத்தின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்ற இரண்டும் தெரியாமல் வகுப்பு நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

முகவரியும் ஒரு தடைதான். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள், முகவரியைப் பார்த்ததும் நேர்காணலில் முகம் மாறுவதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். மதுரையிலும் அப்படிச் சில முகவரிகள் உங்களுக்கே தெரியும். இதற்குச் சுற்றறிக்கை உதவாது. வேலை தருகிற மேற்பார்வையாளரை ஒருநாள் மையத்துக்கே அழைத்து வந்து, பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்க்க வையுங்கள். நான் கண்ட ஒரே மருந்து அதுதான்.

கவுன்சிலர்கள், வங்கி மேலாளர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஐந்தாண்டில் பழகியிருப்பீர்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். விதி என்பது 'முடியாது' என்று சொல்வதற்கு மட்டும் உள்ளதல்ல. 2020-ல் சாலையோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க் கடன் வந்தபோது, கணக்கெடுப்பில் விடுபட்டவர்களிடம் அடையாளச் சான்று இல்லை. 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை' என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்தேன். அதே வழிகாட்டியில், விடுபட்டவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பு பரிந்துரைக் கடிதம் தரலாம் என்றும் இருந்தது. அந்தப் பத்தி வரை படித்தவரின் வார்டில் இட்லிக் கடை அக்காவுக்குக் கடன் கிடைத்தது. படிக்காதவர் வார்டில் கிடைக்கவில்லை. இருவரும் நல்ல மனிதர்கள்தாம். அதேபோல, 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, அவர்கள் விவகாரங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். இது தெரிந்த அமைப்பாளர் கூட்டத்தில் பேசும் தொனியே வேறு.

உங்களுக்குக் கீழே வரப்போகிற ஆறு பேர் பற்றி. தெருவை விடமாட்டேன் என்கிற பிடிவாதம் இங்கேதான் ஆபத்து. நான் உதவித் திட்ட அலுவலரான பிறகும் பழைய காலனிகளுக்குத் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தேன். பெண்கள் என்னிடமே குறை சொல்வார்கள், நானும் அங்கேயே வங்கிக்குத் தொலைபேசியில் பேசித் தீர்த்துவைப்பேன். கைதட்டு கிடைக்கும். அந்த வார்டுக்குப் புதிதாக வந்திருந்த அமைப்பாளர், இருபத்து மூன்று வயதுப் பெண், ஆறு மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். "என்னிடம் யாருமே எதுவும் கேட்பதில்லை, மேடம்" என்றாள். அவளுடைய தெருவை நான் எடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆகவே வாரத்தில் ஒருநாள் கட்டாயம் தெருவுக்குப் போங்கள். ஆனால் அந்தப் பகுதியின் ஊழியரோடு போங்கள், கேள்வி உங்களிடம் வந்தால் அவரைப் பார்த்துத் திரும்புங்கள். 'அம்மா வந்தாத்தான் நடக்கும்' என்று ஒரு தெரு சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் நிர்வாகத்தில் தோற்றுவிட்டீர்கள் என்று பொருள்.

இப்போது அப்பா. அவர் கவலையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒப்பந்தம், தொகுப்பூதியம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஓய்வூதியம் கிடையாது. எங்கள் காலத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதில் வேறு வேலை தேடி அலைந்தார்கள். அவர்கள் திறமையில் என்னைவிடக் குறைந்தவர்கள் அல்லர். எனக்கு ஒரு கட்டத்தில் பணி நிரந்தரமானது, அது அதிர்ஷ்டம். அதை உழைப்பு என்று உங்களிடம் விற்க மாட்டேன். குரூப் 2 எழுதுவதில் தவறே இல்லை. அதில் நன்னடத்தை அலுவலர் போல நம் வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பதவிகளும் வருகின்றன. வயது இருக்கும்வரை எழுதுங்கள். ஆனால் தேர்வுக்காக வேலையை விட்டுவிட்டு மூன்று ஆண்டு வீட்டில் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள நீங்கள் கையில் இருப்பதைக் கீழே போட வேண்டாம். புதிய சம்பளத்தில் கூடுவது எவ்வளவோ, அதை முதல் ஆண்டு முழுக்கத் தொடாதீர்கள். ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்தால், பொய்க்கணக்கில் கையொப்பமிடச் சொல்லும்போது 'மாட்டேன்' என்று சொல்ல நாக்கு எழும். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் கையொப்பமிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொன்னதில்லை.

கற்க வேண்டியதில் முதலிடம் கணக்குக்கு. சமூகப் பணிப் படிப்பில் இதை யாரும் நமக்கு ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர் ஒருவரைப் பிடியுங்கள். மதுரையில் கிடைக்காமலா போவார்? ரொக்கப் பதிவேட்டை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாற்றலாம், எப்போது கூடவே கூடாது, பயன்பாட்டுச் சான்றிதழ் எப்படி எழுதுவது, இவற்றை இரண்டு மாதம் அவரிடம் உட்கார்ந்து படியுங்கள். பிறகு எந்த வழிகாட்டி வந்தாலும் முழுதாக, இணைப்புகள் வரை, பென்சிலும் கையுமாகப் படியுங்கள். சலுகைகளெல்லாம் இணைப்பில்தான் ஒளிந்திருக்கும்.

சேரும் முன் நிறுவனத்திடம் இன்னும் இரண்டு கேள்விகள். காசோலையில் யார் யார் கையொப்பமிடுகிறார்கள்? நன்கொடையாளர் பணம் தாமதமானால் எத்தனை மாதச் சம்பளம் கையிருப்பில் இருக்கிறது? இரண்டாவதற்கு 'பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், ஆறு ஊழியர்களிடம் அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் நான்கு வார்டுகள். பதிவேடுகளை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குவது சரி, அதோடு கிளம்பிவிடாதீர்கள். உங்களுக்கு அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் நடங்கள். கூட்டத்துக்கு வரவே முடியாதவர்கள், படுத்த படுக்கையான மாமியாரை விட்டு நகர முடியாதவர், கணவன் அனுப்பாதவர், யாரும் பெயர் சொல்லாத மூலை வீடு, இவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. உங்கள் தலையில்தான் இருக்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வீதிவாரியாக எழுதி, அவர் கையில் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். புதிய வேலையில் முதல் அணிக்கு ஆள் சேர்க்கும்போது, சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்னால் அந்த நோட்டைப் புரட்டுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்